வெள்ளிக்கிழமை மட்டும் செத்துப்போன பெட்டி

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

கம்பனியின் உள் சஞ்சிகைக்கு நான் ஏதாவது எழுதித் தரவேண்டுமாம். மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு பிள்ளை மிகவும் பணிவாகத் தொலைபேசியில் கேட்டார். உங்கள் சாதனைகளைப் பற்றி எழுதுங்கள் சேர், புதியவர்களுக்கு ஊக்கமாக இருக்கும் என்றார். என் சாதனைகள் இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். அதிலும் ஒன்றரைப் பக்கம் மற்றவர்கள் செய்தது. மடத்தனங்களை எழுதச் சொன்னால் ஒரு வருடத்துக்குச் சஞ்சிகையை நானே ஓட்டிவிடுவேன். அதனால் மடத்தனம் ஒன்றை எழுதுகிறேன். அச்சிடுவதும் குப்பையில் போடுவதும் அவர்கள் பாடு.

நான் கண்டி மஹய்யாவக்காரன். தொலைபேசிக் கம்பத்தில் ஏறுகிற வேலையில் தொடங்கினேன். கடைசியில், ஏறுகிறவர்களைக் கீழே நின்று ஏசுகிற பதவிவரை உயர்ந்தேன். கண்டியைச் சுற்றி எந்த வளைவில் சிக்னல் போகும், எந்தக் கடை முதலாளி கூரையில் அன்டெனா வைக்க விடுவார், எந்தக் கந்தோரில் எந்த மேசையில் கையெழுத்து வாங்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துபடி என்று கொழும்பில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சை முதலில் நம்பியவன் நான்தான்.

ஐந்து வருடத்துக்கு முன்னர், ஓடுகிற பஸ்ஸில் பயணிகளுக்குத் தடங்கலில்லாமல் வீடியோ காட்டுவதென்று தலைமையகத்தில் முடிவெடுத்தார்கள். பயணிகள் கேட்டார்களா என்று நீங்கள் கேட்கக்கூடாது. கண்டியிலிருந்து கம்பளைக்குப் போகிறவர் கேட்பதெல்லாம் உட்கார ஒரு இடமும், முன்னால் போகிற பஸ்ஸை முந்தவேண்டும் என்ற வெறி இல்லாத ஒரு சாரதியும்தான். இரண்டும் எங்கள் கையில் இல்லை. வீடியோ இருந்தது, அதைக் கொடுத்தோம்.

இதற்கு வந்த தொழில்நுட்பத்துக்கு ஃபொக் கம்பியூட்டிங் என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். வீடியோவெல்லாம் எங்கோ தூரத்தில் இருக்கிற பெரிய கணினிகளில் கிடக்கிறது. மலைப்பாதையில் ஓடுகிற பஸ் அங்கிருந்து நேரே இழுத்தால் வளைவுக்கு வளைவு படம் நின்று நின்று வரும். அதனால் வழியிலேயே சில இடங்களில் சின்னக் கணினிப் பெட்டிகளை வைத்துவிட்டால், பஸ் கிட்ட வரும்போது அந்தந்தப் பெட்டியே படத்தைக் கொடுக்கும். கறி கொதிக்கும்போது உப்புக்காகக் கொழும்புக்கு ஓடாமல் பக்கத்துக் கடையில் வாங்குகிறோமே, அந்த மாதிரி. நேரலை என்றாலும் பெட்டிதான் அதை நல்ல கம்பி இணைப்பில் வாங்கி, பஸ்ஸுக்குத் தோதாகச் சுருக்கிக் கொடுக்கும். கண்டி, பேராதனை, கெலிஓயா, வெலிகல்ல, கம்பளை என்று ஐந்து இடங்களில் பெட்டி வைத்தோம்.

பயணிகள் எதைப் பார்க்க ஆசைப்படுவார்கள் என்று முன்கூட்டியே ஊகித்து, அதைப் பெட்டியில் இறக்கி வைக்கிற மென்பொருளும் கூடவே வந்தது. கம்பளைப் பயணிகள் உடற்பயிற்சி வீடியோ பார்க்க விரும்புகிறார்கள் என்று அது ஊகித்தது. இரண்டு கையிலும் பையோடு ஒற்றைக் காலில் நின்று வருகிறவர்களைக் கண்டு அப்படி முடிவெடுத்ததோ என்னவோ. சாரதிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. தங்கள் பென் டிரைவைச் செருகி, வருடக்கணக்காகப் போட்டுவந்த அதே பாட்டுகளைப் போட்டுக்கொண்டு போனார்கள்.

கெலிஓயாவில் பெட்டிக்கு இடம் பிடித்தவன் நான். பிரதான வீதியில் ஹாஜியார் ஒருவரின் இரும்புச் சாமான் கடை. மாடி உயரம், நல்ல இடம், நல்ல மனிதர். வாடகை என்று பேச்செடுத்ததற்கே கோபித்துக்கொண்டு பிளேன்டீயும் கேக்கும் தந்தார். பெட்டியின் பிளக்குக்குப் பக்கத்தில் மூன்று மொழிகளிலும் 'இதை அணைக்க வேண்டாம்' என்று சிவப்பு எழுத்தில் ஒட்டினேன். வேலை முடிந்தது என்று கையைத் தட்டிவிட்டு வந்தேன்.

பெட்டிகளைக் கண்காணிக்க யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பொறியியலாளரை எடுத்தார்கள். பெண். பெயர் எழுத மாட்டேன். ஒரு வருட ஒப்பந்தம், வேலை பிடித்திருந்தால் நிரந்தரம் என்பது பேச்சு. அம்பிட்டியவில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தார். கணவருக்குக் கட்டாரில் வேலை. இரண்டு வயது மகளை ஊரில், கோப்பாயில் தன் தாயிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். தினமும் மாலை ஐந்தரைக்கு வேலையை மூடிவைத்துவிட்டு யன்னலோரத்துக்குப் போய் மகளோடு வீடியோவில் பேசுவார். முதல் மாதங்களில் பிள்ளை திரையைத் தடவும், முத்தம் கொடுக்கும். போகப் போக, இரண்டு நிமிடத்தில் எழுந்து ஓடத் தொடங்கிவிட்டது.

ஒருநாள் தேநீர் குடிக்கும்போது அவராகவே சொன்னார். "நிரந்தரமாக்கினவுடன ஒரு வீடு எடுத்துப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்திடுவன் சேர். மூண்டு வயசுக்கு முதல் கூட்டிக்கொண்டு வரோணும். பிந்தினால் என்னை ஆரெண்டு தெரியாமல் போயிடும்." வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாலர் பாடசாலையில்கூடப் பேசி வைத்திருந்தார். நான் பெரிய மனதோடு, எல்லாம் சரிவரும், நான் இருக்கிறேன் என்றேன். அந்த வார்த்தையை நான் நிறையப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன், சொல்வதற்கு ஒரு சிரமமும் இல்லாத வார்த்தை.

மூன்றாவது மாதத்தில் ஒரு வினோதம் தெரிந்தது. கெலிஓயாப் பெட்டி வாரத்தில் ஆறு நாள் ஒழுங்காக வேலை செய்யும். வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு நாற்பதுக்குச் செத்துவிடும். ஒன்றரை மணிபோல் தானாகவே உயிர்த்தெழும். கொழும்பு நிபுணர்கள் இதைக் கேள்விப்பட்டு, நேரில் வராமலே ஆராய்ந்து, வண்ண வண்ணப் படங்களோடு ஓர் அறிக்கை அனுப்பினார்கள். நிலத்தோற்றத்தினால், அதாவது மலையினால், ஏற்படுகிற இடையூறு என்று அதில் இருந்தது. மலை வெள்ளிக்கிழமை மட்டும் எழுந்து நிற்கிறதா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. மூத்தவனான நானும் அறிக்கையை வாசித்துவிட்டுத் தலையாட்டினேன். அதற்கு ஒரு பெரிய அன்டெனாவும் வந்து சேர்ந்தது.

வெள்ளி மதியம் ஜும்ஆத் தொழுகைக்குக் கடை பூட்டுவார்கள், அதில் ஏதும் இருக்குமோ என்று முதலில் கேட்டவர் அந்தப் பொறியியலாளர்தான். நான் சிரித்தேன். கடை பூட்டுவது பன்னிரண்டுக்கு, பெட்டி நிற்பது பன்னிரண்டு நாற்பதுக்கு, இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். கணக்குப் போட்டு ஆளை மடக்கிவிட்ட திருப்தி எனக்கு. அவர் அடுத்த வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு, பஸ் ஏறிக் கெலிஓயாவுக்குப் போய், கடைக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு மணிநேரம் நின்று பார்த்துவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை என் மேசைக்கு வந்தார். இரண்டு தொழில்நுட்பவியலாளர்களும் பக்கத்தில் இருந்தார்கள். "சேர், அவை கடையைப் பூட்டேக்க மெயின் சுவிச்சையும் நிப்பாட்டிப்போட்டுத்தான் போகினம். எங்கட பெட்டிக்குள்ள இருக்கிற பட்டரி நாப்பது நிமிசம் பிடிக்கும். அதுதான் பன்னிரண்டு நாப்பதுக்கு விழுகுது" என்றார்.

பாருங்கள், எவ்வளவு எளிய விசயம். பட்டரி நாற்பது நிமிடம் தாங்கும் என்பது எனக்கும் தெரியும், அதை வாங்கக் கையெழுத்து வைத்தவனே நான்தான். ஜும்ஆ என்ன நேரம் என்பதும் தெரியும். முஸ்லிம் ஊரான மடவளையில் என் கூட்டாளிகள் பாதிப்பேர், வெள்ளி மதியம் அவர்களுக்கு நான் போனே எடுப்பதில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க மட்டும் எனக்கு வரவில்லை. அந்த நேரத்தில் எனக்கு வந்தது கோபம். இரண்டு பேர் முன்னால், ஊருக்கு வந்து ஆறு மாதமாகாத ஒருவர், என் ஊரைப் பற்றி எனக்குச் சொல்கிறார் என்ற கோபம்.

"இந்தா பாருங்க, நான் பொறந்து வளந்ததே இங்கதான்" என்றேன். "கெலிஓயாவப் பத்தி யாழ்ப்பாணத்திலருந்து வந்து எனக்குச் சொல்லித்தர வேணாம்."

அவர் முகம் சிவந்தது. சரி சேர் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலையே வட்ஸ்அப்பில் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதி அனுப்பினார். காரணம் இது, தீர்வு இது, பெட்டிக்கு மட்டும் மெயினுக்கு முன்னாலிருந்து தனி வயர் இழுக்கலாம், இல்லாவிட்டால் பெரிய பட்டரி போடலாம், அதுவரை ஹாஜியாருக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று. அதற்கு நான் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். முப்பது வருட அனுபவம் அன்று அந்த மஞ்சள் விரலாக வெளிப்பட்டது.

ஹாஜியாருக்கு ஒரு கோல் எடுத்திருந்தால் விசயம் முடிந்திருக்கும். நான் எடுக்கவில்லை. எடுத்தால் அந்தப் பொறியியலாளர் சொன்னது சரி என்று ஆகிவிடும். நம்புங்கள், ஒரு கிழட்டு அலுவலரைத் தடுக்க இவ்வளவு போதும்.

இப்படியிருக்கும்போது கொழும்பிலிருந்து செய்தி வந்தது. பஸ் உரிமையாளர்கள், வெளியிலிருந்து பணம் போட வருகிறவர்கள், நாலைந்து பெரிய மனிதர்கள் கண்டிக்கு வருகிறார்கள். அவர்களை ஒரு பஸ்ஸில் ஏற்றிக் கம்பளைக்குக் கொண்டுபோக வேண்டும். வழி முழுக்க எங்கள் தலைவர் கொழும்பில் தன் அறையில் இருந்தபடி நேரலையாக வரவேற்புரை நிகழ்த்துவார், ஒரு துளியும் தடங்கல் இருக்கக்கூடாது. பகல் சாப்பாடு கம்பளையில் என்பதால் பன்னிரண்டே காலுக்குப் பஸ் புறப்படும். நாள் வெள்ளிக்கிழமை. பிராந்திய முகாமையாளர் என்னைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை ஏதும் பிரச்சினை உண்டா, கண்டியைப் பற்றி உங்களுக்குத்தானே தெரியும் என்று சிங்களத்தில் கேட்டார்.

அந்த வட்ஸ்அப் செய்தி அப்போது ஞாபகம் வந்ததா என்றால், வந்தது. நன்றாகவே வந்தது. ஒரு பிரச்சினையும் இல்லை சேர் என்று சொன்னேன். வெள்ளியை வியாழனாக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று கேட்டால் அன்டெனா வாங்கிய கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

புதன்கிழமை அந்தப் பொறியியலாளர் படிக்கட்டில் என்னை நிறுத்தினார். கெலிஓயா விசயம் என்ன சேர், நான் ஹாஜியாரோட கதைக்கட்டோ என்று கேட்டார். அவருடைய ஒப்பந்தம் முடிய மூன்று வாரம் இருந்தது, இந்தப் பஸ் ஒழுங்காகப் போனால் நிரந்தரக் கடிதம் என்று முகாமையாளர் வாய்விட்டே சொல்லியிருந்தார். நான் படியிறங்கிக்கொண்டே, "நான் ஹாஜியார்கிட்ட பேசிட்டேன், நீங்க மத்த வேலையப் பாருங்க" என்றேன்.

பேசியிருக்கவில்லை. பின்னேரம் பேசுவதாக இருந்தேன். பின்னேரம் பஸ்ஸுக்கு வாழைமரம் கட்டுவதா பூமாலை போடுவதா என்று ஒரு கூட்டம் நடந்தது. வியாழன் முழுக்கத் தலைவரின் முகத்தில் வெளிச்சம் போதாது என்று கொழும்பிலிருந்து முறைப்பாடு. வெள்ளி காலையில் நான் புதுச் சட்டை போட்டிருந்தேன்.

பஸ் புறப்பட்டது. கண்டியைத் தாண்டி, பேராதனைப் பாலத்தைத் தாண்டி, படம் கண்ணாடிபோல் ஓடியது. பெரிய மனிதர்கள் தலையாட்டினார்கள். தலைவர் எதிர்காலத்தைப் பற்றிப் பேசினார். பன்னிரண்டு ஐம்பதுபோல் கெலிஓயாவுக்குள் நுழைகிறோம், தலைவர் 'தடைகளற்ற' என்ற சொல்லுக்காக வாயைத் திறந்தார். திறந்தபடியே நின்றுவிட்டார். ஒரு கண் பாதி மூடியிருந்தது. அந்தக் கோலத்தில் தலைவர் பஸ்ஸின் நாலு திரைகளிலும் அசையாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் போன் அடித்தது. கண்டி அலுவலகத்தில் கண்காணிப்புத் திரைக்கு முன்னால் இருந்த அந்தப் பொறியியலாளர். சேர், கெலிஓயா விழுந்திட்டுது, ஹாஜியாரிட்டச் சொன்னனீங்கள்தானே என்றார். நான் கோலைத் துண்டித்தேன்.

முகாமையாளர் என் காதருகில் குனிந்தார். இந்த இடத்துப் பெட்டி யாருடைய பொறுப்பு என்று கேட்டார். நான் அந்தப் பொறியியலாளரின் பெயரைச் சொன்னேன். அது பொய்யில்லை, பணிப்பட்டியலில் அவருடைய பெயர்தான் இருந்தது. கேட்ட கேள்விக்குச் சரியான விடை, ஒரு எழுத்துப் பிசகவில்லை. இந்த மாதிரி உண்மைகளைச் சொல்லி உத்தியோகத்தில் வெகுதூரம் போகலாம், நான் போயிருக்கிறேன்.

பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினேன். கடை பூட்டியிருந்தது. பக்கத்துக் கடைகளும் பூட்டியிருந்தன. பள்ளிவாசலில் குத்பாப் பிரசங்கம் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தது. கதவிடுக்கால் எட்டிப் பார்த்தேன். நான் ஒட்டிய சிவப்பு எழுத்து பளிச்சென்று தெரிந்தது. அதற்கு மேலே, சுவரில், மெயின் சுவிட்ச் கீழே இறங்கியிருந்தது. தொட ஒரு வழியில்லை. பஸ் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. தலைவர் வெலிகல்ல வரைக்கும் வாயை மூடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

தொழுகை முடிந்து ஹாஜியார் தொப்பியோடு வந்தார். வியர்த்து நின்ற என்னைக் கண்டு பதறிப்போனார். நான் சுவிட்சைக் காட்டினேன். அவருக்கு விளங்கவில்லை.

"கடையப் பூட்டிட்டு எல்லாரும் போறண்டா மெயின ஓஃப் பண்ணித்தானே தம்பி போற. ராவைக்குப் பொடியன் உள்ள படுக்கிற, ஜும்ஆவுக்குத்தான் ஒத்தரும் இல்ல" என்றார். "அஞ்சாறு வருசத்துக்கு முந்தி பக்கத்துக் கட பத்தின நாள்ல இருந்து நாங்க அப்படித்தான். நீங்க தொட வாணாண்டு சொன்னது அந்த ப்ளக்க. அதுல நான் ஒருநாளும் கை வெச்சில்ல. மெயினப் பத்தி எனக்கு ஆருமே சொல்லல்லியே. சொல்லீந்தா விட்டுட்டுப் போயீப்பேன்."

அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அந்தப் பொறியியலாளர் எழுதியிருந்தது அப்படியே அவர் வாயிலிருந்து வந்தது.

திங்கட்கிழமை விசாரணை. முகாமையாளர் நடுவில், கொழும்பிலிருந்து வந்த மனிதவள அதிகாரி ஒருவர் பக்கத்தில், இந்தப் பக்கம் நான், எதிர்க் கதிரையில் அந்தப் பொறியியலாளர். பேச்செல்லாம் ஆங்கிலத்தில். பெட்டி ஏன் நின்றது என்று நான் விளக்கினேன். ஜும்ஆ, மெயின் சுவிட்ச், நாற்பது நிமிடப் பட்டரி என்று வெகு தெளிவாக விளக்கினேன். நல்ல விளக்கம் என்று அதிகாரி பாராட்டவும் செய்தார். பொறியியலாளரின் வட்ஸ்அப் செய்தியிலிருந்த அதே வசனங்கள்தான், நான் ஆங்கிலத்தில் சொன்னேன், அவ்வளவு.

பிறகு அதிகாரி கேட்டார், இது வெள்ளிக்கிழமைகளில் நடக்கும் என்று இந்த அறையில் யாருக்காவது முன்பே தெரியுமா என்று.

அந்தப் பொறியியலாளர் என்னைப் பார்த்தார். அவருடைய போன் மேசையில் கைக்குப் பக்கத்தில் இருந்தது. அதில் அவருடைய செய்தி இருந்தது, கீழே என் கட்டைவிரல் இருந்தது, திகதியும் நேரமும் இருந்தன. தூக்கி ஒருமுறை காட்டியிருந்தால் அவர் தப்பியிருப்பார், நான் மாட்டியிருப்பேன். அவர் போனைத் தொடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏசுகிற பார்வையில்லை. பஸ் வருமா என்று வீதியைப் பார்க்கிறவர்களின் பார்வை.

நான் தேநீர்க் கோப்பையைப் பார்த்தேன்.

அதிகாரி என் பக்கம் திரும்பி, உங்களுக்கு அறிக்கை ஏதும் வந்ததா என்று கேட்டார். எழுத்தில் முறையான அறிக்கை எதுவும் வரவில்லை என்றேன். இதுவும் பொய்யில்லை. எங்கள் கம்பனியில் அறிக்கைக்கென்று ஒரு படிவம் இருக்கிறது, அந்தப் படிவத்தில் வரவில்லை. அதற்குப் பிறகு பொறியியலாளர் தன் போனைக் கவிழ்த்து வைத்தார். அந்தப் பெட்டி என் பொறுப்புத்தான் என்று மட்டும் சொன்னார்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்ல ஒரு நல்ல காரணம் இருந்தால் எனக்கும் நிம்மதியாக இருக்கும். என் வேலை போகாது, அந்த வயதில் என்னை யாரும் அனுப்பமாட்டார்கள், அதிகபட்சம் ஒரு எச்சரிக்கைக் கடிதம். வீட்டில் எந்தக் கஷ்டமும் இல்லை. கண்டியைக் கரைத்துக் குடித்தவன் என்ற பெயர் முகாமையாளர், அதிகாரி என்ற அந்த இரண்டு பேர் முன்னால் போய்விடும் என்பது மட்டும்தான். அந்த இரண்டு பேரில் ஒருவர் இப்போது எங்கே இருக்கிறார் என்றுகூட எனக்குத் தெரியாது.

அவருடைய ஒப்பந்தம் நீடிக்கப்படவில்லை. கடைசி நாளில் கெலிஓயாப் பெட்டியின் குறிப்புகளைச் சுத்தமாக எழுதி என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஹாஜியாரின் இலக்கம், ஜும்ஆ நேரம், நோன்பு காலத்தில் கடை நேரம் எப்படி மாறும் என்பதுவரை அதில் இருந்தது. நான் அதை வைத்து ஒரு கிழமைக்குள் தனி வயர் இழுத்து, பெரிய பட்டரியும் போட்டேன். அதற்குப் பிறகு பெட்டி ஒரு வெள்ளிக்கிழமையும் நிற்கவில்லை. வருட முடிவில், உள்ளூர் வழக்கத்தை அறிந்து தீர்வு கண்டவர் என்று மேடையில் சொல்லி எனக்கு ஒரு கேடயம் தந்தார்கள். தலைவரே நேரில் வந்து தந்தார், வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டு வாங்கினேன். வெட்கம் அன்றைக்கே வந்திருக்க வேண்டும், எனக்கு அது சாவகாசமாக, ஓய்வுபெற்ற பிறகுதான் வந்தது.

சாதனையைப் பற்றி எழுதச் சொன்னதும் முதலில் கண்ணில் பட்டது அந்தக் கேடயம்தான். பழைய ஆட்களிடம் விசாரித்து அந்தப் பொறியியலாளரின் இலக்கத்தை எடுத்து, போன கிழமை பேசினேன். குரலை உடனே அடையாளம் கண்டு, எப்படி இருக்கிறியள் சேர் என்றார். யாழ்ப்பாணத்துக்கே திரும்பிவிட்டாராம், அங்கே ஒரு நிறுவனத்தில் நல்ல பதவி. நான் சுற்றிவளைக்காமல் சொல்ல நினைத்தேன், ஆனாலும் சுற்றிவளைத்துத்தான் சொன்னேன். ஹாஜியாரிடம் நான் பேசவே இல்லை, உங்களிடம் பொய் சொன்னேன், விசாரணையிலும் வாயைத் திறக்கவில்லை, இதையெல்லாம் எழுதப் போகிறேன் என்றேன்.

எழுதுங்கோ, என்ர பேர் மட்டும் வேண்டாம் என்றார்.

"அன்னைக்கு அந்த மெசேஜ ஏன் காட்டல?" என்று கேட்டேன்.

"நான் காட்டியிருந்தால் நீங்கள் பொய் சொன்ன ஆள் எண்டு ஆகியிருக்கும். நீங்களாச் சொல்லியிருந்தால், மறந்துபோனார், மனிசன்தானே எண்டு விட்டிருப்பினம். நீங்கள் சொல்லுவியள் எண்டுதான் சேர் நான் கடைசி வரைக்கும் பாத்துக்கொண்டு இருந்தனான்."

பேச்சை மாற்றுவதற்காக, மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"இப்ப ரெண்டாம் வகுப்பு. கெட்டிக்காரி" என்றார். "கண்டியில இருந்து வெளிக்கிட்டு உடன ஊரில ஒரு வேலையும் கிடைக்கேல்ல. கொழும்பில ஒரு அறையில இருந்து வேலை செய்தனான். பிள்ளையோட வந்து சேர இன்னும் ரெண்டு வருசம் போயிட்டுது." பிறகு, வேறு யாருடைய வீட்டுக் கதையோ சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார். "அவ என்ர அம்மாவைத்தான் அம்மா எண்டு கூப்பிடுறவ. அம்மா என்னைக் கூப்பிடுறதைக் கேட்டுக் கேட்டு, என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவா. திருத்திப் பாத்தனான், வரேல்ல. பழகிப்போச்சுது சேர்."

அந்த நேரம் உள்ளேயிருந்து ஒரு சிறுமி அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது எனக்குக் கேட்டது. இந்தா வாறன் என்று அவளுக்குச் சொல்லிவிட்டு, வைக்கட்டோ சேர் என்று என்னிடம் கேட்டுவிட்டு வைத்தார்.